பெயர் எழுதிய கட்டைகள்

மேட்டு லயம்,
ஓப்பநாயக்க.
11.02.2024

அன்புள்ள தம்பி அமல்ராஜுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

அடிக்கல் நாட்டிய ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பள்ளத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். தோட்டத்துத் துரை. பெரிய கிளாக்கர். வீடு கட்டக் கொந்தராத்து எடுத்த முதலாளி, அவருக்குக் குடை பிடித்த டிரைவர். ஃபாதர். மாரியம்மன் கோயில் பூசாரி. வீடு கிடைக்கப்போகிற மேட்டு லயத்துக் குடும்பங்கள் எல்லாம், காய்ச்சலில் படுத்த செலினாவின் மாமியாரைத் தவிர. சந்திக் கடைச் சுகந்தினி, கற்கண்டுத் தட்டோடு. மண் அடிப்பதற்கு மாவனல்லையிலிருந்து டிப்பர் கொண்டுவந்த ஜஸீல். உன் மச்சான் அருளப்பன். நான். புதுச் சட்டையும் மேசன் கரண்டியுமாக நீ.

பருப்பு வாங்கினாலும் குறித்து வைக்கிறவள் நான். நாளைக்கு எவரும் "மேர்சி அங்கே இல்லை, அவளுக்கென்ன தெரியும்" என்று சொல்லக் கூடாது என்பதற்காக இதையும் குறித்து வைத்தேன்.

குழி முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை. தண்ணீர் ஊறியது. தை மாதத்து வெயில், மேலே லயத்துப் பீலிக் குழாயில் சொட்டுச் சொட்டாக விழுகிற காலம், அங்கே குபுகுபுவென்று ஊறியது. "தண்ணி ஊறுதுடி! வீட்டுல லட்சுமி ஊறுவா!" என்று சுகந்தினி கத்தினாள். பெண்கள் எல்லாரும் குலவை போட்டோம். நானும்தான் போட்டேன். பீலியிலிருந்து லயத்துக்குக் குடம் சுமந்தே இடுப்பு ஒடிந்த சனம், காலடியில் தண்ணீரைக் கண்டால் வேறென்ன செய்யும்? துரை சிரித்தார். முதலாளி கை தட்டினார். சிரிக்காதவன் நீ ஒருவன்தான். எல்லாரும் கற்கண்டுக்குத் திரும்பிய நேரத்தில் நீ ஓரமாய்ப் போய் ஒரு கம்பியை மண்ணில் இறக்கிப் பார்த்தாய். அது போய்க்கொண்டே இருந்தது. உன் முகத்தைப் பார்த்துத்தான் என் குலவை நின்றது.

தம்பி, எனக்கு அந்த வீடு வேண்டாம்.

அன்றைக்கு ஃபோனில் இதைச் சொன்னவுடனேதான் நீ லைனை வெட்டினாய். அதற்குப் பிறகு என் நம்பரை எடுக்கவே இல்லை. கடிதத்தை வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் நீ படிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

ரப்பர் மரக் கட்டைகளைச் சீவி, சிவப்புப் பெயின்ட் அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் பெயரை வெள்ளையில் எழுதி, அவரவர் வீடு வரப்போகிற இடத்தில் நட்டிருந்தாய். லயத்து வரிசை வீட்டில் ஓர் அறைக்கு ஒரு காம்பரா நம்பர்தான் நமக்கு உண்டு. நம் ஆட்களின் பெயர் மண்ணில் நின்று நான் பார்த்ததில்லை. செலினா தன் கட்டைக்கு முத்தம் கொடுத்தாள். முதல் கட்டையில் மச்சான் பெயரைக்கூட எழுதாமல் "மேர்சி" என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்த கண்ணோடு "வேண்டாம்" என்று எழுத இத்தனை நாள் பிடித்தது.

ஆனால் நீயும் அந்தப் பள்ளத்தில் கொஹிலக் கிழங்கு பிடுங்கி வளர்ந்தவன்தானே? மூன்று மலையின் தண்ணீரும் அங்கேதான் வந்து விழுகிறது. கோரைக்கும் கொஹிலவுக்கும் நடுவே பரவி, மண்ணையெல்லாம் கீழே விட்டுவிட்டு, தெளிந்து, மெதுவாகக் குளத்துக்குப் போகிறது. குளத்துத் தண்ணீர்தான் கீழ் டிவிஷன் பீலியில் விழுகிறது, அதற்கும் கீழே சிங்கள ஆட்களின் வயலுக்குப் பாய்கிறது. அந்தப் பள்ளத்தை மண் போட்டு மூடினால் தண்ணீர் எங்கே போகும்? நம்முடைய கக்கூஸ் குழியெல்லாம் அங்கே வெட்டினால் கீழ் டிவிஷன் பிள்ளைகள் எதைக் குடிக்கும்? போடுகிற மண்ணையும் எங்கிருந்து எடுக்கிறார்கள் பார். நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால், மலையின் அடிக்காலை வெட்டி எடுக்கிறார்கள்.

வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் வேண்டாம் என்கிறேன்.

பதிலை ஆபீஸ் விலாசத்துக்குப் போடாதே. அங்கே பிரித்துப் பார்க்கிறார்கள். சுகந்தினி கடைக்குப் போடு.

உன் அக்கா,
மேர்சி


கித்துல்கல.
20.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. ஃபோனில் பேசினால் கத்திவிடுவேன், இங்கே வேலைக்காக நான் தங்கியிருக்கிற இடத்தில் ஆற்றில் படகு ஓட்ட வந்த வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

சேத்துப்பள்ளம் சேறு என்று கண்டுபிடித்துச் சொன்னதற்கு நன்றி. ஜெபப் புத்தகத்தில் இன்ஜினியரிங்கும் போட்டிருக்கிறார்களா? கம்பி இறங்கியது எனக்கும் தெரியும். அதற்குத்தான் மண் அடித்து, இறுக்கி, அதற்கு மேல் கொங்கிரீட் போடப் போகிறோம். என் தொழிலை எனக்குச் சொல்லித் தராதீர்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை நான் எழுதுகிறேன். உங்கள் லயத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மண்சரிவு அபாயம், மழைக்கு முன்னால் எழும்பிப் போகச் சொல்லி. அது ஒட்டிய பிறகு எத்தனை மழை பார்த்துவிட்டீர்கள்? ஒவ்வொரு மழைக்கும் நான் இங்கே கண் மூடாமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இந்தத் திட்டத்தை எடுத்த முதலாளியின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, சின்னக் கொந்தராத்தாக வாங்கினேன். லயத்தில் பிறந்தவன் ஒருவன் லயத்து ஆட்களுக்கு வீடு கட்டுகிறான். இது சின்ன விஷயமா? முதல் வீட்டை என் அக்காவுக்குக் கட்டுவேன் என்று முதலாளியிடம் சொல்லித்தான் வேலையையே எடுத்தேன்.

ஆபீசில் கடிதத்தைப் பிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் பிரிக்கிறார்கள்? உங்களுக்கென்று ஒரு விலாசம் இல்லாததால்தான். வீடு இருந்தால் விலாசம் இருக்கும். உங்கள் பெயருக்கு வருகிற கடிதம் உங்கள் வாசலுக்கே வரும். தவளைகளுக்கு விலாசம் தேவையில்லை அக்கா. உங்களுக்குத் தேவை.

செலினாவும் மற்றவர்களும் என்ன பாவம் செய்தார்கள்? உங்களுக்கு வேண்டாமென்றால் சும்மா இருங்கள். மற்றவர்களின் கூரையைப் பிடுங்காதீர்கள்.

மச்சானிடம் இதைக் காட்டுங்கள். அவராவது புத்தி சொல்லட்டும்.

அமல்ராஜ்


மேட்டு லயம்.
10.03.2024

அன்புள்ள தம்பிக்கு,

மச்சானிடம் காட்டினேன். படித்துவிட்டு "நல்லா எழுதியிருக்கான்" என்றார். "எது நல்லா?" என்று கேட்டேன். "கையெழுத்து" என்றார். அதோடு ஃபெக்டரிக்குப் போய்விட்டார். அவர் புத்தி சொல்லுகிற விதம் உனக்குத் தெரியாதா?

தவசு காலத்தில் பொய் எழுதக் கூடாது. நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த நோட்டீசைப் பார்த்துத்தான் தினமும் விடிகிறது. விலாசத்தைப் பற்றி எழுதினாயே, அதைப் படித்து அழுதேன். ஆனால் அழுது முடித்துவிட்டுப் பள்ளத்துக்குப் போய்ப் பார்த்தேன்.

மண் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கோரையெல்லாம் மூடிப் போனது. நீர்க்கோழி ஒன்று குஞ்சுகளை இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து தேயிலைக்குள் ஓடியது. செலினா அதைக் காட்டி, "அக்கா, ஒங்க வாடகைக்காரங்க காலி பண்ணிட்டுப் போறாங்க" என்றாள். பீலியில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவள் அதோடு விடவில்லை. "தவளைக்கு வீடு வேணும்னு மேர்சி அக்கா ஒருசந்தி விரதம் பிடிக்கிறாங்க. எங்களுக்காக எப்ப அக்கா பிடிப்பீங்க?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் கேட்டதும் சரிதான், குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

சுகந்தினி கடையில் ஜஸீல் நானாவைக் கண்டேன். நான் வாய் திறக்கும் முன்னாலே கையைத் தூக்கிவிட்டார். "எனக்கு ஏசாதீங்க தங்கச்சி. மண்ணை எங்க கொட்டச் சொன்னாங்களோ அங்க கொட்டுறன். ஆனா ஒண்டு சொல்றன். காலையில கொட்டினது பின்னேரம் வந்து பார்த்தா இல்ல. அந்தப் பள்ளம் திண்டுடுது. ஒரு நாளைக்கு என்ட டிப்பரையும் திண்டுடும்" என்றார். சொல்லிவைத்த மாதிரி மூன்றாம் நாள் பின் சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள்தான் தள்ளிவிட்டோம். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "எதிர்க்கிறவங்களே தள்ளி விடுறீங்களே" என்றார்.

சுகந்தினி கடையில் நின்றபோது இன்னொரு சேதி தெரிந்தது. அளக்க வந்த ஆட்கள் கடையில் டீ குடித்துக்கொண்டே பேசினார்களாம். சின்ன பங்களா மேடு தெரியும்தானே? சின்னத்துரை போனதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. அடியில் பாறை, மேலே சமதரை, குளம் முழுதும் தெரிகிற இடம். அங்கே ஹோட்டல் வரப்போகிறது.

செவ்வாய்க்கிழமை நாங்கள் பெண்கள் சேர்ந்து துரையைப் பார்க்கப் போனோம். நான்தான் கேட்டேன்.

"துரை, மேட்டுல சும்மா கெடக்குற எடத்துல எங்களுக்கு வீடு கட்டுனா என்னங்க? பாறை மேல நிக்கும், பள்ளமும் பொழைக்கும்."

"அது வேற வேலைக்கு ஒதுக்கியாச்சு அம்மா."

"ஹோட்டலுக்குங்களா?"

அவர் முன்னாலிருந்த தாளில் எதையோ எழுதினார்.

"அப்போ தண்ணிக்குள்ள நாங்க, தண்ணியைப் பார்க்க அவங்களா?"

பெரிய கிளாக்கர் எழும்பி நின்றுவிட்டார். துரை பேனாவை மூடி வைத்தார். "குடுக்குறதை வாங்கப் பழகுங்க" என்றார். வெளியே வந்த பிறகு செலினா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். லயத்துக் கிட்ட வந்ததும், "நீங்க கேட்டதுல தப்பில்ல அக்கா, ஆனா குடுக்கிறதையும் நிப்பாட்டிட்டா?" என்றாள்.

ஆக, நம்மைச் சேற்றில் இறக்குவது மழைக்குப் பயந்து அல்ல தம்பி. நல்ல மண்ணை நமக்குக் கொடுக்க மனசில்லாமல். இது தெரிந்த பிறகும் சும்மா இருக்கச் சொல்கிறாயா?

மேர்சி


கித்துல்கல.
22.03.2024

அக்கா,

முதலாளி நேற்று இங்கேயே வந்துவிட்டார். "ஒன்ட அக்காவா தொரை ஆபீசுல சத்தம் போட்டது?" என்று ஆட்களுக்கு முன்னால் கேட்டார். வேலையை வேறு மேசன் பாசுக்குக் கொடுக்கட்டுமா என்றும் கேட்டார். நான் சாந்துக் கையோடு நின்றேன்.

பங்களா மேட்டைக் கேட்டால் கொடுத்துவிடுவார்களா? எந்தக் காலத்தில் நமக்கு மேட்டைக் கொடுத்தார்கள்? நமக்குக் கிடைத்தது பள்ளம். பள்ளத்தை மேடாக்குகிறேன் என்று நான் வந்தேன். அதையும் கெடுக்கிறீர்கள்.

இத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். வீடு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். முதல் கட்டையில் உங்கள் பெயரை அழித்துவிட்டு வேறு ஆளின் பெயரை எழுதுகிறேன்.

பெரிய வெள்ளிக்கு நான் வரமாட்டேன்.

அமல்ராஜ்


மேட்டு லயம்.
07.04.2024

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உன்னோடு இருப்பதாக.

நீ அனுப்பிய தாளில் கையெழுத்துப் போடவில்லை. அதன் பின்பக்கத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நல்ல தாள், வீணாக்கக் கூடாது.

நடந்ததை வேறு யாராவது வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நான் உள்ளபடி எழுதுகிறேன்.

குருத்தோலை ஞாயிறு கழிந்து ஒரு பின்னேரம் மழை கொட்டியது. ஒரே ஒரு மழைதான். மறுநாள் கீழ் டிவிஷன் பீலியில் தண்ணீர் கோப்பி நிறத்தில் விழுந்தது. கீழ்க் கிராமத்திலிருந்து சிங்களப் பெண்கள் இரண்டு பேர் போத்தலில் தண்ணீரை ஊற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். "அக்கே, வத்துர ரத்து பாட்டய்" என்றார்கள். அவர்களுக்கும் தண்ணீர் சிவப்பாகத்தான் போயிருக்கிறது. விதைத்த வயலில் சேறு படிந்து நாற்றை மூடிவிட்டதாம். அவர்களைக் கூட்டிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினேன். செலினாவும் பின்னால் வந்தாள்.

போட்ட மண் பாதி குளத்துக்குப் போயிருந்தது. மீதி தொளதொளவென்று கிடந்தது. கட்டைகள் சாய்ந்து கிடந்தன. செலினா தன் கட்டையைத் தேடினாள், காணவில்லை. அது நின்ற இடத்தில் சிவப்பாக ஒரு நுனிதான் தெரிந்தது. அவள் பெயர் முழுதும் சேற்றுக்குள் போயிருந்தது. முட்டி போட்டுக் கையாலே தோண்டினாள். இழுத்து எடுத்து, முந்தானையால் துடைத்து, பெயர் தெரிந்ததும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் சாய்ந்து கிடந்த கட்டையை நிமிர்த்தினேன். அவளே கேட்டாள்: "அக்கா, பெரிய வெள்ளி சிலுவைப்பாதை எங்க முடியும்?"

அவள் கேட்டது அவ்வளவுதான். எனக்கு விளங்கிவிட்டது.

குளத்தைச் சுற்றிப் போய், கடைசித் தலங்களுக்குப் பங்களா மேட்டில் இருக்கிற பழைய கல் சிலுவைக்கு ஏறுகிறோமே, அது உனக்கும் மறந்திருக்காது. வருசத்தில் அந்த ஒரு நாள்தான் அந்தக் கேட் நமக்குத் திறக்கும். வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து எந்தத் துரையும் அதைப் பூட்டியதில்லை.

பெரிய வெள்ளி அன்று விடிந்ததும் பெண்கள் பள்ளத்துக்கு இறங்கினோம். அவரவர் பெயர் எழுதிய கட்டையை அவரவர் பிடுங்கினோம். யாரும் அடுத்தவள் கட்டையைத் தொடவில்லை. சுகந்தினி சைவக்காரி, இந்தத் திட்டத்தில் அவளுக்கு வீடும் இல்லை. ஆனாலும் திருநீறு பூசிக்கொண்டு, செலினாவின் நடக்க முடியாத மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். கோயில் வாசலில் ஃபாதர் எங்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன மேர்சி இது?"

"அவங்கவங்க சிலுவையை அவங்கவங்க தூக்குறோம் ஃபாதர்."

ஃபாதர் என் முகத்தையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திறந்து முதலாம் தலத்தைத் தொடங்கிவிட்டார்.

கேட்டில் காவல்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு திறந்துவிட்டார். கல் சிலுவைக்கு முன்னால் முட்டி போட்டுச் செபித்தோம். ஆமென் சொல்லி எழும்பிய இடத்திலேயே கட்டைகளை நட்டோம். நட்டோம் என்று லேசாக எழுதுகிறேன். இறங்கினால்தானே! பள்ளத்தில் கையால் அமுக்கினாலே போனது, இங்கே கல்லால் அடித்தும் அசையவில்லை. பெண்கள் கை நொந்து நின்றபோது உன் மச்சான் வந்தார். பெரிய வெள்ளிக் கஞ்சியை மேட்டில் கொடுக்கிறதுக்காகக் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார் அல்லவா, அதன் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டு ஃபெக்டரிச் சுத்தியலை எடுத்தார். "கஞ்சி எங்கங்க?" என்று கேட்டேன். "அது அடுத்த கிடாரம்" என்றார். துக்க நாளில் அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஒவ்வொரு கட்டையும் வெட்டவெளியில் நிமிர்ந்து நிற்கிறது. முதல் கட்டை என்னுடையது. நீ அழிக்கிறேன் என்று எழுதினாயே, அந்தப் பெயர்தான்.

ஈஸ்டருக்கு நீ வராத வீடு வீடாக இல்லை.

அக்கா


கித்துல்கல.
28.04.2024

அக்கா,

என்ன காரியம் செய்தீர்கள்?

போலீசிலிருந்து எனக்கு ஃபோன் வந்தது. தோட்டத்து நிர்வாகம் முறைப்பாடு கொடுத்திருக்கிறது. அத்துமீறி நுழைந்தது, கட்டைகளைத் திருடியது. சிலுவைப்பாதைக்குப் போனதை அத்துமீறல் என்று சொல்ல வெட்கப்படுகிறார்கள் போல, அதனால் திருட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டைகள் யாருடையவை என்று கேட்டிருக்கிறார்கள். முதலாளி என் பெயரைக் கொடுத்துவிட்டார். மரம் என்னுடையது, பெயின்ட் என்னுடையது, சீவியதும் நான். நான் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டுமாம்.

நான் வருவதற்குள் நீங்களே பிடுங்கிவிடுங்கள். ஏதோ தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறேன். இதற்கு மேல் என்னால் இறங்க முடியாது.

இன்னொன்று. இதை மச்சானுக்கும் காட்ட வேண்டாம். இங்கே நான் வேலை செய்கிற ஹோட்டலுக்கு அத்திவாரம் வெட்டும்போது, கம்பி பாறையில் தட்டுகிற வரைக்கும் வெட்டச் சொன்னார்கள். ஆற்றுக்கு இத்தனை தூரம் தள்ளித்தான் கட்ட வேண்டும், கரையில் ஒரு புல்லையும் பிடுங்கக் கூடாது என்று கயிறு கட்டி விட்டார்கள். அதே முதலாளிதான் இங்கேயும். சேத்துப்பள்ளத்துக்கும் அப்படி வெட்டலாமா என்று போன மாதம் அவரிடம் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு பாஸ்? லயத்துல கெடந்தவங்களுக்கு இது போதும்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

கட்டைகளைப் பிடுங்குங்கள் அக்கா.

அமல்ராஜ்


சிற்றாலயம்,
ஓப்பநாயக்க.
26.05.2024

அன்புள்ள தம்பி அமல்ராஜுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

இடம் மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். கோயில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் படுத்திருக்கிறோம். பீடத்துக்கு முன்னால் செலினாவின் பிள்ளைகள், அந்தோனியாருக்குக் கீழே உன் மச்சான். அவர் குறட்டைக்குச் சுரூபமே அசைகிறது என்று சுகந்தினி சொல்கிறாள்.

மழை விடாமல் அடித்தது. உனக்குத் தெரிந்திருக்கும், நீதான் ஃபோனைப் பார்த்துக்கொண்டு கிடப்பவனாயிற்றே. மண் வெட்டி எடுத்த இடத்தில் மலை பிளந்து இறங்கியது. வெடிப்புத் தெரிந்தவுடனே நாங்கள் வெளியேறிவிட்டோம். பின் பக்கத்துச் சமையல் குசினிகளும் கோழிக்கூடுகளும் போயின. அந்த நோட்டீஸ் ஒட்டின சுவர் மட்டும் நிற்கிறது.

நீ கித்துல்கலவிலேயே நின்றுவிட்டதால் முதலாளி அனுப்பிய வேறு பாஸ் வந்து இரண்டு வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருந்தான். பள்ளத்தில் இப்போது ஒன்று சாய்ந்து கிடக்கிறது, மற்றதைக் காணவில்லை. தண்ணீருக்குப் பரவ இடமில்லாமல், அடித்த மண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாகக் குளத்துக்குப் போயிருக்கிறது. குளம் நிறைந்து கீழ் டிவிஷன் பீலிப் பாதையை மூடிவிட்டது. சிங்கள ஆட்களின் வயல் தெரியவில்லை. கிராமத்திலிருந்து நமக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வந்தவர்கள், வயல் போன அதே ஆட்கள்தான். ஜஸீல் நானாவும் வந்தார். டிப்பரில் மண் இல்லை, பாயும் போர்வையும் இருந்தன. "இனி அந்தப் பள்ளத்துக்கு நான் மண் அடிக்க மாட்டன் தங்கச்சி" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"நான் அப்பவே சொன்னேன்" என்று எழுத இந்தக் கடிதம் இல்லை. சொன்னதால் ஒரு கோழிக்கூடுகூடத் தப்பவில்லை.

கட்டைகளைப் பிடுங்கச் சொன்னாய். பிடுங்கவில்லை. காவல்காரரை விட்டு இரண்டு தடவை பிடுங்க வைத்தார்கள். இரண்டு தடவையும் அவர் கட்டைகளை ஒழுங்காக அடுக்கி, மழை படாமல் சாக்குப் போட்டு மூடி, சுத்தியலையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் மறுபடி நட்டோம். இந்த மழைக்கு மலை இறங்கியது, குளம் ஏறியது, அத்திவாரம் சாய்ந்தது. பங்களா மேட்டில் நின்ற கட்டைகளில் ஒன்றுகூடச் சாயவில்லை. இதைப் பார்த்துவிட்டுக் கிராம சேவகர் படம் எடுத்துக்கொண்டு போனார்.

போலீசுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். செலினாவும் வந்தாள், அவளை யாரும் கூப்பிடவில்லை. பொறுப்பதிகாரி ஓஐசி ஐயா மேசை மேல் ஒரு கட்டை வைத்திருந்தார். யாருடையது என்று கேட்டார். "பெயர் எழுதியிருக்குதானே மஹத்தயா" என்று சிங்களத்தில் சொன்னேன். திருப்பிப் பார்த்தார். "தமிழ்ல இருக்கே" என்றார். "எங்க பெயர் தமிழ்லதானே மஹத்தயா இருக்கும்" என்றேன். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் குனிந்து சிரித்தார். ஓஐசி சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

பிறகு அவர் சொன்னதை உள்ளபடி எழுதுகிறேன். கட்டை செய்தவன் வந்து "திருடினார்கள்" என்று சொன்னால் வழக்குப் போட வேண்டும். "நான் கொடுத்தேன்" என்று சொன்னால் திருட்டு இல்லை. திருட்டு இல்லையென்றால், கோயில் ஊர்வலத்தில் போனவர்கள் ஏன் அங்கே கட்டை நட்டார்கள் என்று நிர்வாகம் எல்லாருக்கும் முன்னால் வந்து பேச வேண்டிவரும். பிரதேச செயலகத்தில் கூட்டம் வைப்பார்களாம். பங்களா மேட்டைப் பற்றி முதல் தடவையாக நாம் வாய் திறக்கிற இடம் அதுதான். அந்தக் கதவு உன் வாயில் இருக்கிறது தம்பி. உன்னை ஜூன் ஏழு, வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"கொடுத்தேன்" என்று சொன்னால் முதலாளி உனக்கு இனி வேலை தரமாட்டார். இங்கே மட்டுமல்ல, கித்துல்கலவிலும் தரமாட்டார். அது எனக்குத் தெரியாமல் நான் எழுதவில்லை. லயத்தில் பிறந்து கொந்தராத்து எடுத்தவன் நம்மில் நீ ஒருவன்தான். அதை நான் விலை குறைத்துப் பேசமாட்டேன்.

"திருடினாள்" என்று சொன்னால் நான் உன் மேல் கோபப்படமாட்டேன். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவேன். அங்கேயும் கேட்பார்கள், இதையேதான் சொல்வேன். திரும்பி வந்து அந்த மேட்டில் மறுபடியும் நடுவேன். கட்டை கிடைக்காவிட்டால் விறகுக் குச்சி நடுவேன். எனக்கு எழுதத் தெரியும், பெயரை நானே எழுதிக்கொள்வேன்.

எதைச் சொல்ல வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித் தரப் போவதில்லை. "லயத்துல கெடந்தவங்களுக்கு இது போதும்" என்று முதலாளி சொன்னபோது நீ ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினாய். நீ எழுதியதிலேயே அந்த ஒரு வரிதான் உன் கையெழுத்து மாதிரி இல்லை. கோணலாக இருந்தது.

அந்தக் கட்டைகளில் எங்கள் பெயர்களை நீ எழுதினாய். எங்களுக்கு என்று கொடுக்கத்தானே எழுதினாய்? வேறு எதற்காவது எழுதினாயா? அதை மட்டும் எனக்கு எழுது.

வழக்கம் போலச் சுகந்தினி கடை விலாசத்துக்கே போடு. எனக்கு இன்னும் விலாசம் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் என் கையில் கிடைக்க வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா,
மேர்சி